மிச்சம் இருந்த எண்

வீட்டு மேஜையில் இருந்த சோதனை சர்க்யூட் போர்டிலிருந்து எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட்ட பிறகும் அந்த எண் திரையை விட்டுப் போகவில்லை. ‘இணைந்துள்ளது’ என்றது. எது? அனுராதாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. சனியன், எங்கேயாவது தொலைய வேண்டியதுதானே!

அவள் வேலையே அதுதான். கணினியை இயக்கும் மைய நிரலான கெர்னலுக்குள் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண் உண்டு. ஒரே பாகத்தை ஆளாளுக்கு ஒரு பேரில் எழுதித் தொலைத்திருந்தார்கள். ஓர் எண்ணுக்கு ஒரே பேர், எல்லாக் கோப்பிலும் அதே பேர் என்று சீராக்க வேண்டும். இந்த ஒன்று மட்டும் மிச்சம். இது என்ன பாகம் என்று ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை.

சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. மலையிலிருந்து வழிந்த செம்மண் தண்ணீரின் வாடை ஜன்னல் வழியே வந்தது. தூளியில் கைக்குழந்தை கனிமொழி தூங்க, கயிறு மெல்ல முனகிக்கொண்டிருந்தது. இப்போதைக்கு ஏதோ ஒரு பேர் என்று நினைத்தாள். விரல் தானாக அடித்தது: பரிதி.

பிறந்த அன்றே போய்விட்ட தலைப்பிள்ளைக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பேர் அது.

போன் அடித்தது. ரயிலிலிருந்து புருஷன் சந்திரமோகன்.

"திருத்தணி வர லேட்டாவும். இன்னா பண்ணிகினு இருக்க?"

"பாவா, நம்ம மொதப் புள்ளைக்கு நெனச்ச பேர இந்த நம்பருக்கு வெச்சுட்டேன்."

ரயில் சத்தத்துக்கு மேல் அவன் கத்தினான்.

"அய்யய்யோ, இன்னா காரியம் பண்ண! பேர் வெக்கறதுக்கு முன்ன போன புள்ளைக்கு நம்ம வூட்ல பேரே வெக்க மாட்டாங்களே. வெச்சா அத திரும்ப கூப்ட்ட மாதிரி ஆயிடும். மொதல்ல அத அழி!"

அழித்தாள். திரும்பவும் வந்தது. பரிதி. இணைந்துள்ளது.

கயிற்றின் முனகல் நின்றிருந்தது.

ஓடினாள். "கனி... கனிம்மா..." பேரைக் கேட்டதும் திரும்பிச் சிரிக்கிற குழந்தை அவள். கண் திறந்துதான் இருந்தது. திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். இல்லை. வேண்டாம், வேண்டாம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதே வாய் சொல்லிவிட்டது.

"பரிதி?"

குழந்தை திரும்பியது. சிரித்தது. தூக்கச் சொல்லிக் கை நீட்டியது.

திரையில் பேரில்லாமல் புது எண் ஒன்று வந்தது. அவள் முதுகுக்குப் பின்னால், ஒயரே இல்லாத போர்டுக்குள், கனிமொழி வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.