வைக்கோல் நிற நாடா

செவ்வாய்க்கிழமை காலையில் காப்பிக் கோப்பையோடு நிலவறைக்கு இறங்கிய லோவல் டீட்ஸ், மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த ராணுவத் தொப்பி லைனரை நிமிர்த்திப் பார்த்தபோது, உள்ளே இருந்த ஆறு நாடாக்களில் ஒன்று பச்சையாக இருந்தது.

முந்தின நாள் ஆறும் வைக்கோல் நிறம்தான். அவனுக்கு அதில் சந்தேகமே கிடையாது. ஈரம் பட்டிருக்கும் என்று விரலால் தேய்த்தான்; ஈரம் இல்லை. சாயம் ஏதாவது சிந்தியிருக்குமோ என்று மேசையைத் துடைத்தான்; துணி சுத்தமாகவே வந்தது. ஈரக்காற்றை உறிஞ்சும் இயந்திரம் மூலையில் உறுமிக்கொண்டிருக்க, சுவர் உச்சியிலிருந்த சின்ன ஜன்னல் வழியாக ஏப்ரல் மாதத்து வெளுத்த வெளிச்சம் அலமாரிகளின் மீது விழ, எப்போதும் பழைய தோலும் பிசினும் மணக்கிற அந்த அறையில் அன்று மட்டும் வாய்க்கால் சேறு போல் ஏதோ ஒன்று லேசாக மணத்தது. சாக்கடைக் குழாய் அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டானே தவிர, போய்ப் பார்க்கவில்லை.

சிப்பாயின் இரும்புத் தொப்பிக்குள் இருக்கும் இலேசான உள்கூடுதான் லைனர். இரும்பு வெளியே அடி வாங்கும். தலையைத் தொட்டுக்கொண்டிருப்பது இதுதான். வியர்வை, முடி, எண்ணெய் எல்லாம் இதில்தான் ஊறும். நெற்றிப் பட்டையின் தோலில் பையன்கள் தங்கள் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும், ராணுவ எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் மையால் எழுதிவைப்பார்கள். லோவலின் அலமாரிகளில் அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தன. நாடாவின் நிறம், தோலின் தையல், ஆணியின் தலை, உச்சியில் அழுத்திய முத்திரை, இவற்றைப் பார்த்து எந்த வருடத்தது என்று அவன் சொல்லிவிடுவான். ஓஹையோவின் அந்த மூன்று மாவட்டங்களில் லோவல் சொன்னால் சொன்னதுதான். கடையில் போல்ட்டும் நட்டும் விற்றுப் பிழைத்தவனுக்கு ஊரில் இருந்த ஒரே மரியாதை அந்தக் கண்தான்.

அந்தக் கண்ணை வைத்துத்தான் பாவி அந்த வேலையைச் செய்தான்.

ஒரு மாதத்துக்கு முன் மிஸ் வெர்னா கிம்மல் அவனை வீட்டுக்கு அழைத்திருந்தாள். எழுபத்தொரு வயது, இரண்டு கண்ணிலும் புரை. அவள் தம்பி ஆர்லோ, விமானத்திலிருந்து குதிக்கும் படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில், பத்தொன்பது வயதில், பிரான்சின் நார்மண்டியில் ஒரு வாய்க்காலில் செத்துப்போனவன். அவனுடைய லைனர் பியானோமேல் போட்டோவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜூனில் அந்தச் சண்டைக்கு ஐம்பதாவது ஆண்டு வருகிறது, பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள், அதற்குள் விவரம் தெரிந்தவன் ஒருவன் பார்த்துச் சொல்லட்டும் என்று அந்த அம்மாளுக்கு ஆசை.

"ஆர்லோவோடதுதான்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. ஊரே உன் கண்ணைத்தான் நம்புது" என்றாள்.

லோவல் உள்ளே பார்த்தான். வைக்கோல் நிற நாடாக்கள். குதிப்பவர்களுக்கு மட்டும் காதோரம் வைத்துத் தைத்த கூடுதல் வார்கள். தோலில், மங்காத மையில், கே-4417. முப்பது வருடமாகத் தேடியும் அவனுக்குக் கிடைக்காத ஒன்று. கேட்டால் தரமாட்டாள், செத்தாலும் தரமாட்டாள், கூடவே புதைக்கச் சொல்வாள். அடுத்த நிமிடம் அவன் வாயிலிருந்து வந்த குரல் அவனுக்கே அழகாக இருந்தது.

"சொல்ல சங்கடமா இருக்கு மிஸ் கிம்மல். இது அவனோடது இல்லீங்க. நாடா பச்சையா இருக்கு பாருங்க. பச்சை வந்ததே சண்டை முடிஞ்சு ரொம்ப வருஷம் கழிச்சுதான். நம்பரும் வேற."

"வேறயா? பட்டாளத்துலேருந்து அனுப்பின பெட்டியிலேருந்து என் கையால எடுத்தேனே!"

"நடுவுல யாருக்காவது குடுத்தீங்களா?"

அவள் யோசித்தாள். "எழுபத்தாறுல... பள்ளிக்கூடத்துல காட்சிக்கு வெக்கணும்னு ஒரு வாரம் வாங்கிட்டுப் போனாங்க."

"அங்கதான் மாறியிருக்கும்."

ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், பாவம். புரை விழுந்த கண்ணுக்கு வைக்கோல் என்ன, பச்சை என்ன. விரலால் நாடாவைத் தடவினாள். பிறகு மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்போ பதினெட்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம நான் முத்தம் குடுத்தது யார் தலைக்கு?"

"யாரோ ஒரு பையன். சண்டைக்கே போகாம பத்திரமா வீட்டுக்கு வந்து, கல்யாணம் கட்டிக்கிட்டு, இப்ப எங்கயோ நல்லா சாப்பிட்டுட்டு இருப்பான்."

"குடுத்துவெச்சவன்" என்றாள் அவள். அதை ஒரு மளிகைப் பையில் போட்டு அவன் நெஞ்சில் தள்ளினாள். "எடுத்துட்டுப் போயிடு, என் கண்ணுல படவேண்டாம். ஆனா நீ என் ஆர்லோவைத் தேடிக் கொண்டாரணும். எங்க இருந்தாலும் சரி. வாக்குக் குடு."

கொடுத்தான். காரில் ஏறியதும் பையை மடியில் வைத்துக்கொண்டு விசிலடித்தான். சந்தோஷத்தில்.

பதினோராவது நாள் அவள் இறந்துபோனாள். லோவல் முதுகுவலி என்று வீட்டில் இருந்துகொண்டான். மனைவி நோரீன்தான் உருளைக்கிழங்குத் தட்டோடு துக்க வீட்டுக்குப் போய்வந்தாள். பன்னிரண்டு மைல் காரோட்டி வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள்.

"கடைசி வாரம் வாசக்கதவைப் பூட்டவே விடலியாம் லோவல். 'ஆர்லோ வருவான், லோவல் டீட்ஸ் கூட்டிட்டு வருவான்'னு சொல்லிட்டே இருந்தாளாம். நீ தேடறேதானே?"

"தேடிட்டுத்தான் இருக்கேன்."

அது அப்போது அவர்கள் கால்களுக்குக் கீழே, நிலவறை மேசையில் இருந்தது.

புதன்கிழமை மூன்று நாடாக்கள் பச்சை. வியாழக்கிழமை ஆறும். காதோர வார்கள் இருந்த இடத்தில் தையல் துளைகூட இல்லை. முதல் நாள் எடுத்துவைத்த போட்டோவை இழுப்பறையிலிருந்து உருவினான்; அதிலும் பச்சை. படியில் உட்கார்ந்துவிட்டான். வாய்க்கால் சேற்று வாசனை இப்போது படிவரை வந்திருந்தது.

பூட்டிவைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை ஹக் மோரோ வருவதாக இருந்தது. லூயிவில் ராணுவப் பழம்பொருள் கண்காட்சியில் எது அசல் எது போலி என்று தீர்ப்புச் சொல்கிறவன். இருபது வருடச் சிநேகிதன். தன் கண் கெட்டுப்போயிருந்தால் ஹக்கின் கண்ணுக்காவது வைக்கோல் நிறம் தெரியுமே என்று லோவல் ஒரு நப்பாசையோடு அவன் கையில் கொடுத்தான். எப்படி வந்தது என்று கேட்டால் சொல்ல, கதை ஒன்றும் தயாராக இருந்தது.

ஹக் உள்ளே பார்த்தான். லோவலைப் பார்த்தான். மறுபடியும் உள்ளே பார்த்தான்.

"டேய், இதுக்காடா என்னை நாலு மணி நேரம் வண்டியோட்ட வெச்சே? அறுபத்திரண்டு, அறுபத்திமூணு மாடல். பழைய சாமான் சந்தையில நாய்க்குச் சோறு வெக்க வாங்கிட்டுப் போவாங்க."

"நம்பரைப் பாரு ஹக். கே-4417."

"கேயா? டி-0926ன்னு போட்டிருக்கு." ஹக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "இரு, இரு. டி-ன்னா டீட்ஸ்... உன் நம்பரா இது?"

அவன் நம்பர்தான். அறுபத்து மூன்றிலிருந்து ஓக்லஹோமா ராணுவ முகாமில் இரண்டு வருடம் தட்டச்சு செய்தபோது கொடுத்த எண். கையெழுத்தும் அவனுடையதுதான், ஒன்பதின் வாலை இடப்பக்கம் வளைக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு.

ஹக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உன் சொந்தத் தொப்பியையே பாராசூட்காரனோடதுன்னு என் தலையில கட்டப் பாத்தியா! நீ கொம்பன்டா!" பிறகு லோவலின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. கோட்டை எடுத்துக்கொண்டான். "கண் டாக்டரைப் பாரு லோவல். இல்லேன்னா வேற டாக்டரை."

ஹக்குக்கு வாயில் எதுவும் தங்காது. மாலைக்குள் டேட்டனிலிருந்து ஒருவன் போன் செய்து, போன வருடம் நீ சான்று கொடுத்தாயே, அது உண்மைதானா என்று கேட்டான். லோவல் அலமாரிக்குப் போய் எதையோ எடுத்துப் பார்த்துச் சொல்ல நினைத்தான். எடுத்தான். திருப்பினான். எந்த வருடம்? தெரியவில்லை. அடுத்தது. தெரியவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டையும் இறக்கித் தரையில் பரப்பினான். எல்லாம் ஒரே மாதிரிக் கிண்ணங்கள். அவனிடம் இருந்த ஒரே சொத்து போய்விட்டது. வீட்டுக் கதவு பூட்டியிருக்க, யாரோ வந்து கண்ணிலிருந்தே எடுத்துப் போயிருந்தார்கள்.

யார் என்று அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை நோரீன் காப்பி ஊற்றிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல." கெண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். "உன் கண்ணு நீலம்னு நினைச்சிட்டிருந்தேன்."

"முப்பது வருஷமாப் பாக்கறே. பழுப்புதானே!"

"ஆமா" என்றாள். ஆனால் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அன்று முழுக்க அவன் ஒரு அறைக்குள் வந்தால் அவள் அடுத்த அறைக்குப் போனாள். வாழ்நாள் முழுவதும் அவன் கேட்காத சர்க்கரையைக் காப்பியில் இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்தாள். ராத்திரி விருந்தாளி அறையில் படுக்கை விரித்து வைத்திருந்தாள். அவனுக்கு.

அப்போதுதான் லோவலுக்குப் பயம் நெஞ்சுக்கு வந்தது. கண் போனது, பேர் போனது. இனி என்ன போகும் என்று புரிந்துவிட்டது.

ஞாயிறு காலை நோரீன் தனியாகவே சர்ச்சுக்குக் கிளம்பினாள். அடுப்புக்குள் மாட்டிறைச்சி மெல்ல வெந்துகொண்டிருந்தது. கார் சத்தம் ஓய்ந்ததும் லோவல் நிலவறைக்கு இறங்கினான். மழை. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து, தரையில் பரப்பிய லைனர்கள்மேல் வெளிச்சம் நெளிந்தது. அவற்றின் நடுவே முழங்கால் போட்டான்.

"அது ஆர்லோவோடதுதான்!" சத்தமாகச் சொன்னான். "நான் பொய் சொன்னேன். நாடா வைக்கோல் நிறம். நம்பர் கே-4417. கேக்குதா மிஸ் கிம்மல்? உங்க தம்பியோடதுதான். ஆசைப்பட்டுட்டேன். விட்டுடுங்க. என்னை விட்டுடுங்க."

இயந்திரம் நின்றது. தானாக.

மழைச் சத்தம் மட்டும். அதற்குள், கார் வந்த சத்தமே இல்லாமல், மேலே, வாசல் கதவு.

நோரீனின் செருப்பு. அவள் சிரிப்பு. கல்யாணமான புதிதில் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. எத்தனை வருடமாயிற்று அதைக் கேட்டு. அவளோடு இன்னொரு காலடி. கனமானது. ஈரமானது. ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸுக்குள் தண்ணீர் பிழிந்தது. அதற்குப் பின்னால் மூன்றாவதாக ஒன்று, வயதான காலடி, நிதானமாக, தன் வீட்டுக்குள் நடப்பதுபோல.

நாற்காலிகள் இழுபட்டன. மூன்று.

லோவல் படியேறினான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு படியாக. கதவை ஒரு சாண் திறந்தான்.

அவன் நாற்காலியில் ஒரு பையன். லோவலின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. மேசைக்கடியில் சேறு அப்பிய உயரமான பூட்ஸ். இடது காதுக்கு மேலே தலை குழிந்திருந்தது. குழியிலிருந்து வாய்க்கால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் காலருக்குள் இறங்கியது. நீலக் கண்கள். நோரீன் அவன் தட்டில் இறைச்சியை வெட்டிவைத்து, மேலே குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிரே மிஸ் கிம்மல். புதைத்த நாளின் கறுப்பு உடுப்பு. கண்களில் புரை இல்லை. கதவிடுக்கை நேராகப் பார்த்தாள். எல்லாம் தெரிகிற பார்வை.

"நோரீன்" என்றான் லோவல்.

நோரீன் திரும்பினாள். கையிலிருந்த கரண்டி விழுந்தது. "யாரோ ஆளு! நம்ம வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க!"

"நான்தான் நோரீன். நான்..." தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். பெயர் வரவில்லை. இருந்த இடத்தில் இல்லை.

பையன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவசரமே இல்லை. கதவருகே வந்து, ஐஸ் மாதிரி விரல்களால் லோவலின் மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். கண்ணைப் பார்த்தான். கட்டைவிரலால் நெற்றியைத் தடவினான். எழுத்து தேடுகிறவனைப் போல.

"நம்மளோடது இல்ல" என்றான்.

"நல்லாப் பாத்தியா?" என்று மேசையிலிருந்து மிஸ் கிம்மல் கேட்டாள்.

"பாத்துட்டேன். வேற எதோ."

நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். லோவல் நான்கு படி சறுக்கி விழுந்தான். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. மேலேறி வந்து கதவை அறைந்தான். கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். காற்று வந்தது, குரல் வரவில்லை.

"ஆறிடப் போகுது, வா லோவல்" என்று நோரீன் கூப்பிட்டாள்.

"இதோ வந்துட்டேன்" என்றது, கதவுக்கு அந்தப் பக்கம், லோவலின் குரல்.