மிச்சத் தூரம்

தோகாவில் ஏறிய சவரிமுத்து, இருக்கை வாரை மாட்டி நிமிர்வதற்குள் திருச்சி வந்துவிட்டது. எதிரே சின்னத் திரையில் எழுத்து ஓடியது: தூரம் மூவாயிரம் கிலோமீட்டர், பயண நேரம் ஒன்பது நிமிடம். அவர் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கையில் சக்கரம் தரையைத் தொட்டது.

தூரமடிப்பி வந்த பிறகு இப்படித்தான். இரண்டு ஓடுதளங்களுக்கு நடுவே கிடக்கும் தூரத்தை அந்த இயந்திரம் மடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற துண்டை மட்டும் விமானம் தாண்டினால் போதும்.

மகள் ரீட்டாவுக்கு வலி எடுத்துவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று மனைவி லூர்து காலையில் போனில் அழுதாள். அவளிடம்கூடச் சொல்லாமல், வேலை உடுப்போடு ஓடிவந்து ஏறியவர் அவர்.

குடியேற்ற வரிசையைக் கடந்து வெளியே பாய்ந்து, முதலில் நின்ற ஆட்டோவில் ஏறினார். "பெரியாஸ்பத்திரி, பாய். சீக்கிரம்."

ஓட்டுநர் காஜா மைதீன் திரும்பிப் பார்த்தார். "குடிக்கத் தண்ணி வச்சிருக்கீங்களாண்ணே?"

"பத்து நிமிசத்துக்குத் தண்ணி எதுக்கு?"

"ஊருக்கு வந்து ரொம்ப நாளாச்சு போல." காஜா காலடியில் இருந்த பெட்ரோல் கேன்களைத் தட்டிக் காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஆஸ்பத்திரியின் சிவப்புப் பலகை தூரத்தில் நன்றாகவே தெரிந்தது. ஆனால் நெருங்கவில்லை. சவரிமுத்து குனிந்து சாலையைப் பார்த்தார். நடுவே போட்ட வெள்ளைக் கோடு, ஆள் நீளம் இருக்க வேண்டியது, ரயில் நீளத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"என்ன பாய் இது?"

"மடிச்ச தூரம் எங்கயாச்சும் போய் விழுந்துதானண்ணே ஆகணும்? மொதல்ல பொட்டக்காட்டுல கொட்டுனானுவ. அது ரொம்பிப் போச்சு. இப்ப ஒவ்வொரு பிளேன் எறங்குறப்பவும் நம்ம ரோட்டுலதான் அவுந்து விழுது. விளம்பரத்துல ஒம்பது நிமிசம்னு போடுறான்ல, என் ஆட்டோவையும் சேத்துப் போடச் சொல்லுங்க பாப்பம்!"

காஜா சிரித்தார். சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டட வேலையில் ஆயுசெல்லாம் கப்பிக் கயிறு இழுத்தவர். கயிறு இந்தப் பக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் நீளும். இதை யோசிக்காமல் ஏறிவிட்டோமே என்று நினைத்தார்.

போன் அடித்தது. லூர்து.

"ஏங்க, ஆஸ்பத்திரி வாசலே தெரிஞ்சுச்சுங்க! எறங்கத் தயாரா இருங்கன்னு டிரைவர் சொல்லிட்டாரு. அப்பப் பாத்து ஒரு பிளேன் எறங்குச்சு, ரோடு அப்படியே இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. அரை மணியா ஓடுறோம், வாசல் அங்கனயேதான் நிக்குது. புள்ள கண்ணு சொருகுறா..."

அரை மணிக்கு முன்னால் இறங்கியது எந்த விமானம் என்று அவருக்குத் தெரியும்.

"நீங்க அங்க கெடந்து பதறாதீங்க," என்றாள் லூர்து. "மாப்பிள்ளை சிங்கப்பூர்ல மடிப்புப் பிளேன் ஏறிட்டாராம். இந்தா வந்துருவாரு."

"வேணாம்னு சொல்லு! எறங்கச் சொல்லு லூர்து!"

"என்ன பேச்சு பேசுறீங்க? பெத்த தகப்பன்தானா நீங்க?"

தலைக்கு மேலே இரைச்சல் கேட்டது. காஜா அண்ணாந்து பார்த்துவிட்டு, "கம்பியைப் புடிச்சுக்கங்கண்ணே," என்றார்.

சக்கரத்துக்குக் கீழே வெள்ளைக் கோடு இன்னும் நீளத் தொடங்கியது.