ஆறாவது முதுகு

நேற்று தம்பி எடுத்த போட்டோவில் ஐந்து பேர். சுவரில் தொங்கும் படத்தில் ஆறு பேர்.

அக்கா மறுபடி எண்ணினாள். ஆற்றங்கரையில் கறுப்புக் கோட்டு போட்டு, முதுகைக் காட்டி நிற்கும் மனிதர்கள். நூற்றிருபது வருஷத்துப் பழைய ஓவியம். அருங்காட்சியகத்தின் ஜன்னலே இல்லாத கூடத்தில் ஏசியின் முனகலைத் தவிர வேறு சத்தமில்லை.

ஊர் ஊராகக் கண்காட்சிக்குப் போய்வரும் படங்களில் கீறல், வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து ரிப்போர்ட் எழுதுவது அவள் வேலை. நாலு பேர் பார்த்த வேலை. நிதியில்லை என்று மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாளைய திறப்புவிழா அழைப்பிதழை மட்டும் தங்க எழுத்தில் அடித்திருந்தார்கள் மகராசன்கள்.

நேற்று மாலை அவளால் முடியவில்லை. விளக்கு மாட்டிக்கொண்டிருந்த தம்பியிடம், "கடைசிப் படத்தை மட்டும் நீ பாத்துடுடா. ஒரு போட்டோ எடு. முந்தின ரிப்போர்ட்டை அப்படியே காப்பியடிச்சு, மாற்றம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுடு" என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அவன் ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. எங்கே ஊர்சுற்றப் போனானோ கழுதை என்று திட்டிக்கொண்டேதான் காலையில் வந்தாள்.

அந்தப் படத்தின் ஃபைலைப் புரட்டினாள். முதல் ஊர் போட்டோவில் இரண்டு முதுகுகள். அடுத்த ஊரில் மூன்று. அதற்கடுத்து நான்கு. ஒவ்வொன்றின் கீழும் வேறு வேறு கையெழுத்து. எல்லாவற்றிலும் அதே வரி: மாற்றம் இல்லை.

படம் இதற்கு முன் இருந்த ஊரின் அருங்காட்சியகத்துக்குப் போன் போட்டாள்.

"கையெழுத்துப் போட்ட அம்மாவா? அன்னிக்கு சாயந்திரத்துலேருந்தே ஆளைக் காணோங்க. போலீசும் தேடிட்டுத்தான் இருக்கு. நீங்க அவங்க சொந்தமா?"

போனை வைத்துவிட்டாள். படத்தில் ஐந்தாவது முதுகுக்கு மேல் ஒரு பெண்ணின் கொண்டை. ஆறாவது ஆளின் பின்மண்டையில் ரெட்டைச்சுழி. எத்தனை வருஷம் அந்தத் தலையை அவள் வாரிவிட்டிருக்கிறாள்!

ஐயோ, நான்தானே கையெழுத்துப் போடச் சொன்னேன்.

விரலால் தொட்டாள். ஈரம். விரல்நுனியில் கறுப்பு.

டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாள். சின்ன மேடு பள்ளமும் அப்படித்தான் தெரியும். தெரிந்தது.

சுழி நகர்ந்துகொண்டிருந்தது.

மயிரிழை மயிரிழையாக. ஒரு காது. கன்னத்தின் ஓரம். அவன் திரும்பிவிடப் பார்க்கிறான். பெயிண்ட் காய்வதற்குள்.

"திரும்புடா... அக்கா இங்கதான்டா இருக்கேன். திரும்பு, கண்ணு!"

கண்ணின் ஓரம். பாதி வாய். அகலத் திறந்த வாய்.

நின்றுவிட்டது.

மறுபடி தொட்டாள். காய்ந்திருந்தது. திறந்த அந்தப் பாதி வாயின் மேல் மெல்லிய வெடிப்புகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின, நூற்றிருபது வருஷமாக அவன் அங்கேயே நின்று கத்திக்கொண்டிருப்பதைப் போல.