மண்சாமி ஊர்வலம் போன நாள்

ஆகஸ்ட் பதினோராம் தேதி காலை, தைவானின் தெற்கு மலையில் உள்ள ஷிகெங் கிராமத்துக்குப் புயல் மழையோடு மண்சரிவு எச்சரிக்கையும் வந்தது. எல்லாருடைய கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின.

நண்பகலுக்குள் ஊர் காலியாகிவிட்டது. மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் மக்கள் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். மேலே மூன்று பேர்தான் மிச்சம். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் லியு, அவருடைய பத்து வயது மகள் பெய்யுன், வாசலில் லாரியோடு காத்திருந்த ஊர்த்தலைவி சாய்.

"லியு! வர்றியா இல்லையா? இதுதான் கடைசி வண்டி!" என்று சாய் கத்தினார். மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"நீங்க பாப்பாவைக் கூட்டிட்டுப் போங்கக்கா. நான் வரல."

"அப்பா வரலைன்னா நானும் வரல" என்று பெய்யுன் கோவில் தூணைக் கட்டிக்கொண்டாள்.

சாய் தலையில் அடித்துக்கொண்டார். "அப்பனுக்கேத்த பொண்ணு. ரெண்டும் கழுதைங்க!"

பீடத்தில் மண்சாமி உட்கார்ந்திருந்தார். ஒரு முழ உயரம், வெள்ளைத் தாடி, உப்பிய கன்னம். இடது கையில் மட்டும் ஒட்டுப்போட்ட தடம். ஷிகெங்கின் வயலுக்கும் தோட்டத்துக்கும் காவல் அவர்தான்.

ஆறு வருடத்துக்கு முன்பும் இப்படி ஒரு புயல் வந்தது. அன்று லியு குழந்தை பெய்யுனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெய்யுனின் அம்மா மண்சாமியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார். பாலம் அவரோடு போனது. வெள்ளம் வடிந்த பிறகு, ஆற்றுக் கற்களுக்கு நடுவில் மண்சாமி கிடைத்தார், கை உடைந்து. அம்மா கிடைக்கவில்லை.

அதன் பிறகு லியு ஒரு நாள்கூட மண்சாமியை விட்டு வெளியூர் போனதில்லை.

"சரி, சாமியையும் தூக்கிட்டு வா. யாரு வேணாம்னா?" என்றார் சாய்.

"அவர் சம்மதிக்கலக்கா. காலையிலயே கட்டை போட்டுக் கேட்டேன்."

பிறை வடிவில் இரண்டு சிவப்பு மரக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் மேடு. சாமியிடம் கேள்வி கேட்டுத் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் மற்றது மேடாகவும் விழுந்தால் 'சரி'. இரண்டும் மேடாக விழுந்தால் 'கூடாது'. இரண்டும் தட்டையாக விழுந்தால் சாமி சிரிக்கிறார், மறுபடி போடலாம் என்று பொருள். பெரிய காரியம் என்றால் மூன்று தடவை தொடர்ந்து 'சரி' விழ வேண்டும்.

"மூணு தடவை போட்டேன். மூணும் கூடாதுன்னுதான் விழுந்துச்சு" என்றார் லியு.

"இன்னொரு தடவை கேளுங்கப்பா."

"அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்குறது மரியாதை இல்ல கண்ணு."

"போன்ல கட்டை போடுற ஆப் இருக்கு. அதுல கேட்டுப் பார்ப்போமா?"

"சாமி என்ன போன்லயா குடியிருக்காரு?"

கோவிலுக்குப் பின்னால் ஏதோ உறுமியது. மூவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். உறுமல் நின்றது. மழை மட்டும் தொடர்ந்தது.

சாய் இந்த முறை கத்தவில்லை. "லியு, ஓடை தண்ணி நின்னு போச்சு. மேல எங்கயோ அடைச்சுக்கிட்டிருக்கு. அது உடைஞ்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதது இல்ல."

லியுவின் முகம் வெளுத்தது. ஆனால் கால் நகரவில்லை.

பெய்யுன் யோசித்தாள். அப்பாவைத் திட்டிப் பயனில்லை. இழுத்துப் பயனில்லை. அவருக்குத் தேவை ஒரு பதில்.

"அப்பா, காலையில சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க? அப்படியே சொல்லுங்க."

"'ஐயா, இந்த மண்ணை விட்டுட்டுப் போகச் சம்மதமா'ன்னு கேட்டேன்."

"அவரு பேரே மண்சாமி! மண்ணை விட்டுட்டு வர்றீங்களான்னு கேட்டா, வேற என்ன சொல்வாரு?"

வாசலில் சாய் களுக்கென்று சிரித்துவிட்டார். பிறகு, சிரிக்கக் கூடாத நேரம் என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"வருஷா வருஷம் சாமி ஊர்வலம் போறாரில்ல?" என்றாள் பெய்யுன். "கடைசியா எங்க நிக்கும்?"

"பள்ளிக்கூடத்து மைதானத்துல. அதுதானே நம்ம ஊர் எல்லை."

"அப்போ பள்ளிக்கூடமும் அவர் மண்ணுதானே? எல்லையை விட்டு ஓர் அடிகூட அவர் வெளிய போக வேண்டாம். ஊர்வலம் போறீங்களான்னு கேளுங்க. ஊர் சனம் பூரா அங்கதான் பயந்துபோய்க் கிடக்கு."

லியு மகளையே பார்த்தார். பிறகு கட்டைகளை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"ஐயா, நான் ஷிகெங் லியு. நம்ம சனங்க பள்ளிக்கூடத்துல இருக்காங்க. அவங்களைப் பார்க்க ஊர்வலம் வர்றீங்களா?"

கட்டைகள் விழுந்தன. இரண்டும் தட்டை.

"சிரிக்கிறாரு" என்றார் லியு குழப்பத்தோடு.

"பின்ன? காலையிலயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்பக் கேட்டா சிரிக்காம என்ன பண்ணுவாரு? மறுபடி போடுங்கப்பா!"

அடுத்தது, சரி. அதற்கடுத்ததும் சரி.

மூன்றாவது 'சரி'க்காகப் போட்டபோது தரை அதிர்ந்தது. ஒரு கட்டை பெய்யுனின் காலடியில் மேடாக நின்றது. மற்றது உருண்டு பீடத்துக்கு அடியில் இருட்டுக்குள் போய்விட்டது.

"தட்டையா விழுந்திருந்தாத்தான் சரி" என்று முணுமுணுத்தபடி லியு தரையில் படுத்துப் பீடத்துக்கு அடியில் கையை விட்டார்.

கையை வெளியே எடுத்தபோது முழங்கை வரை சேறு. பின் சுவர் உள்பக்கமாகப் புடைத்திருந்தது. விரிசலில் இருந்து பழுப்புச் சேறு பற்பசைபோல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"கட்டை எங்கப்பா? எப்படி விழுந்திருக்கு?"

"தெரியலம்மா. சேறு மூடிடுச்சு."

லியு எழுந்து நின்றார். சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்தார். மண்சாமியை இரண்டு கைகளாலும் தூக்கி மார்போடு அணைத்து, மழைச் சட்டையை மேலே போட்டு மூடினார். பெய்யுன் காலடியில் கிடந்த கட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

லாரியில் ஏறியதும் லியு தயங்கினார்.

"ஊர்வலம்னா முன்னாடி சேகண்டி அடிக்கணுமேக்கா."

"அடிக்கிறேன், அடிக்கிறேன். உட்காரு முதல்ல!" என்று சாய் ஹாரனை அழுத்தினார். மலையடிவாரம் வரை அவர் கையை எடுக்கவே இல்லை.

புதிய பாலத்தின் மேல் போகும்போது லியு தலை குனிந்து ஆற்றைப் பார்த்தார். பெய்யுன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஹாரன் ஒலித்துக்கொண்டே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு மேசையின்மேல், உலக உருண்டைக்குப் பக்கத்தில் மண்சாமியை உட்கார வைத்தார்கள். அழுதுகொண்டிருந்த ஒரு சின்னப் பையன் எழுந்து வந்து, தன் வேர்க்கடலை மிட்டாயை அவர் முன்னால் வைத்தான். பிறகு சற்று யோசித்து, அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"சாமி கோவிச்சுக்க மாட்டாரா அக்கா?" என்று பெய்யுனிடம் கேட்டான்.

"மாட்டாரு. அவரு இன்னைக்கு நல்லாச் சிரிச்சிட்டுத்தான் வந்திருக்காரு."

அன்று பிற்பகல் மலைச்சரிவு இறங்கியது. கோவில், லியுவின் வீடு, மேல் தெருவின் எல்லா வீடுகளும் மண்ணுக்கு அடியில் போயின. பள்ளிக்கூட ஜன்னலில் நின்று எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். மேல் தெரு இருந்த இடத்தில் ஒரு பழுப்புச் சரிவு மட்டும் தெரிந்தது. ஒரு கிழவர் தன் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று விரலால் தேடிக்கொண்டே இருந்தார். அந்த வீடுகள் எதிலும் ஆள் இருக்கவில்லை.

அங்கே இனி வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. மண்சாமிக்குப் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்டுச் சின்னதாக ஒரு கோவில் எழுப்பினார்கள். லியு புதிதாக ஒரு ஜோடிக் கட்டை வாங்கி வைத்தார்.

பழைய ஜோடியில் ஒன்று பெய்யுனின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மற்றது கிடைக்கவில்லை. அது எப்படி விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.