எழுபத்து நாலாம் வருசத்துப் பசி

சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கினால் வயிற்றுப் பிள்ளை அசையாமல் நின்றுவிடுகிறது என்பதை ஷாமிளா மூன்றாம் நாள்தான் கவனித்தாள். முதல் நாள் ஏதோ தற்செயல் என்று விட்டுவிட்டாள். இரண்டாம் நாள் வாயுத் தொல்லை என்று மாமியார் சொன்னதை நம்பினாள். இன்று மத்தியானம் வேண்டுமென்றே மூடியைத் தூக்குவதும் வைப்பதுமாக நான்கு தடவை செய்து பார்த்தாள். காலையிலிருந்து விலா எலும்புக்குக் கீழே உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை நான்கு தடவையும் சட்டென்று அடங்கிப்போனது. அது தூங்கவில்லை. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

பானைக்குள் ஒரு சிரட்டைச் சோறு இருந்தது. அதுதான் மாமியார் மூக்காயி அவளுக்கு அளந்து வைத்த பங்கு. மீதி அரிசி பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் சாவி மூக்காயியின் இடுப்பில், மூக்காயியோ கொழுந்து பறிக்கிற மலையில். வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. மூக்காயி கெட்டவளும் இல்லை. மருமகளுக்கு வெந்நீர் சுமந்து வந்து முதுகு தேய்த்துவிடுவாள். ஆனால் எட்டாம் மாதம் பிறந்த அன்றே சோற்றைக் குறைத்துவிட்டாள், கிளினிக்கில் கொடுத்த சத்துமாவையும் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். பிள்ளை பெருத்தால் பெற்றுப் பிழைக்க முடியாது என்பது அவளுடைய சட்டம். கஹவத்தைப் பக்கத்து இந்தத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வரிசை வீடுகளில் பாதிக்கு அதுதான் சட்டம்.

"என்னயப் பாரு புள்ள. எழுபத்து நாலு பஞ்சத்துல கெழங்குத் தோலும் எலையும் அவிச்சுத் தின்னுக்கிட்டுத்தான் இவன சொமந்தேன். ரெண்டே முக்குல பூ மாதிரி வந்து விழுந்தான்" என்று நேற்றும் பெருமையாகச் சொன்னாள்.

பூ மாதிரி வந்து விழுந்தவன் மாத்திரை போட்டுக்கொண்டு கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் புருசன் ராமச்சந்திரனுக்கு முப்பது வயது. ஆள் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைவிடக் கொஞ்சம்தான் தடிமன் என்று தோட்டத்தில் கேலி பேசுவார்கள். அந்த உடம்புக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து, போன மாதம் இடது காலின் பெருவிரலை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அவனோடு ஒரே வருசத்தில் இதே லயத்தில் பிறந்த ஏழுமலை, ஒரு சொட்டுச் சாராயம் தொடாதவன், போன வருசம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மலையிலேயே விழுந்து செத்தான்.

போன வாரம் வயிற்றை நாடா வைத்து அளக்க வந்த மருத்துவிச்சி நூரியா மிஸ்ஸி, ராமச்சந்திரனின் கால் கட்டைப் பார்த்துவிட்டு அவன் பிறந்த வருசத்தைக் கேட்டாள். அப்புறம் விளக்கமாகச் சொன்னாள். தாய் பட்டினி கிடந்தால் வெளியுலகம் முழுக்க அப்படித்தான் என்று வயிற்றுப் பிள்ளை எடுத்துக்கொள்ளுமாம். கிடைத்ததை மூளைக்குக் கொடுத்துவிட்டு மற்ற உறுப்புகளைச் சுருக்கிக்கொள்ளுமாம். பிறகு சோறு வரும்போது அதை என்ன செய்வதென்று அந்த உடம்புக்குத் தெரியாதாம். எல்லாருக்கும் வரும் என்றில்லை, ஆனால் சீனியும் நெஞ்சு வலியும் அப்படிப் பிறந்தவர்களைத்தான் அதிகம் பிடிக்கும் என்றாள்.

"அவரு உடம்பு இன்னமும் பஞ்சம்னுதான் நம்பிக்கிட்டு இருக்கு, ஷாமிளா. உங்க வயித்துல இருக்கிறதும் இப்ப படிச்சுக்கிட்டுத்தான் இருக்கு."

வயிற்றுக்குள்ளே பள்ளிக்கூடமா என்று மூக்காயி சிரித்தாள். ஷாமிளாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு மணிக்கு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மலையிலிருந்து இறங்கிய இருட்டு லயத்து வாசலில் ஏறி உள்ளே வந்தது. தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்துக் காம்பரா ரேடியோவும் கேட்காமல் போய், ஈர விறகும் மண்ணெண்ணெயும் நனைந்த சாக்கும் கலந்த வழக்கமான வாடைக்கு நடுவே வேறொரு வாடை மெல்ல எழுந்தது. உப்புப் போடாமல் அவித்த கிழங்குத் தோலின் வாடை. ஷாமிளா வாழ்க்கைப்பட்டு வந்த இந்த மூன்று வருசத்தில் ஒரு நாளும் இந்த வீட்டில் யாரும் அதை அவித்ததில்லை.

அவள் மறுபடியும் மூடியைத் தூக்கினாள். பிள்ளை நின்றது. மழைச் சத்தத்துக்கு அடியில், மடக் என்று, யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

கட்டிலைப் பார்த்தாள். ராமச்சந்திரனின் வாய் மூடியிருந்தது. தொண்டை அசையவில்லை. சத்தம் அதற்கும் கீழே, போர்வைக்குள்ளிருந்து வந்திருந்தது.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் எங்கே ஓடினாலும் வயிற்றில் இருப்பது கூடவே வரும், இந்த ஒரு சிரட்டையைத்தான் உலகம் என்று எழுதி வைத்துக்கொள்ளும், முப்பது வயதில் ஒரு கட்டிலில் வந்து படுக்கும். அதை நினைத்ததும் பயத்தை மிஞ்சிக்கொண்டு ஆத்திரம் வந்தது. மாமியார் மேல் வந்தது, பஞ்சத்தின் மேல் வந்தது, அந்தப் பஞ்சத்தில் யார் யார் வயிறு நிறையத் தின்றார்களோ அவர்கள் எல்லார் மேலும் வந்தது.

புருசனின் கவ்வாத்துக் கத்தியைச் சுவரிலிருந்து எடுத்தாள். அரிசிப் பெட்டியின் பூட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். இரண்டாம் நெம்பில் கொண்டி பெயர்ந்து வந்தது. பெரிய பானையை ஏற்றி, பருப்பையும் இன்னொரு அடுப்பில் போட்டு, கருவாட்டைத் தணலில் சுட்டாள். சோறு கொதிக்கக் கொதிக்கக் கிழங்குத் தோல் வாடையும் விடாமல் ஏறியது. கண் எரிந்தது. அவள் சுவரில் முதுகைச் சாய்த்து, தட்டு நிறையப் போட்டுக்கொண்டு, கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

முதல் கவளம்.

மடக்.

பிள்ளை அசையவில்லை. இரண்டாவது. மூன்றாவது. தண்ணீர் குடித்தாள். தின்றாள்.

மடக். மடக்.

"கேட்டுக்க" என்று வயிற்றைப் பார்த்துச் சொன்னாள். "சோறு இருக்கு. நாளைக்கும் இருக்கும். இல்லன்னு யாரு சொன்னாலும் நம்பாத."

மறுபடி ஒரு கவளம். இன்னும் ஒன்று.

பிள்ளை உதைத்தது. தொடையில் இருந்த தட்டு ஆடுகிற அளவுக்கு உதைத்தது. ஷாமிளா வாயில் சோற்றோடு அழுதாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்போது போர்வை சரிந்தது.

ராமச்சந்திரனின் வயிறு ஒட்டிக் கிடந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு முடிச்சு, தோலுக்கு உள்ளே. முடிச்சு நகர்ந்தது. பிரிந்தது. ஒன்று. இரண்டு. ஐந்து. விரல்கள். அப்போதுதான் பிறந்த பிள்ளையின் விரல்கள். தோலை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு எழுந்தன. அந்தக் கை குவிந்தது. அவள் தட்டுப் பக்கம் திரும்பியது. நின்றது.

ராமச்சந்திரன் சீராக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஷாமிளா தட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். கத்தவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை.

வாசலில் மூக்காயி நின்றாள். தலையில் போட்ட சாக்கிலிருந்து தண்ணீர் வடிந்தது. உடைந்த பெட்டியைப் பார்த்து ஏச வாயெடுத்தவள் கட்டிலைப் பார்த்துவிட்டாள். கட்டிலருகே முழங்கால் போட்டாள். கொழுந்துக் கறை படிந்த ஒரு விரலை அந்தக் கைக்குள் வைத்தாள்.

கை மூடிக்கொண்டது.

மூக்காயி விரலை இழுத்தாள். தோலும் கூடவே இழுபட்டு வந்தது.

"விட மாட்டேங்குது புள்ள" என்றாள். குரல் சின்னதாகிப் போயிருந்தது. "கொஞ்சம் சோறு குடு. குடுத்தா விட்டுரும்."

"முப்பது வருசமா சோறு போட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க, மாமி" என்றாள் ஷாமிளா. "அதுக்கு எட்டவே இல்ல."

அவள் அடுத்த கவளத்தை உருட்டித் தன் வாயில் வைத்து, நன்றாக மென்று விழுங்கினாள். கட்டிலருகே மூக்காயி இன்னும் முழங்காலில்தான் இருந்தாள். தோலுக்கு உள்ளே அந்த ஐந்து விரல்களும் அவள் விரலைச் சுற்றி இன்னும் கொஞ்சம் இறுகின.