துளி இரைச்சல் இல்லை

கையிலிருந்த வயர்லெஸ் செட்டின் மூன்றாவது பேண்டில் யாரோ மூச்சு விட்டார்கள். செட்டுகளைச் செய்துகொடுத்த ராக்கையா மேசையைப் பார்த்தான். மற்ற இரண்டு வயர்லெஸ் செட்டுகளும் பேட்டரி இல்லாமல் கிடந்தன. புது சர்க்யூட், எதையாவது இழுக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மண்ணரை ஊரின் அந்தச் சாயப்பட்டறையில் துணி வெளுக்கும் இரும்புக் கொப்பரைக்குள் ஆள் இறங்கித்தான் கழுவ வேண்டும். பாய்லர் இருப்பது சுவருக்கு அந்தப் பக்கம். முன்பெல்லாம் செட்டில் ஐந்து நிமிடம் பேச்சே இல்லையென்றால் ஆள் வெளியே வந்துவிட்டான் என்று பாய்லர்காரர் ஆறுச்சாமி கொப்பரைக்குள் நீராவியைத் திறந்துவிடுவார். போன மாதம் உள்ளே கழுவ இறங்கிய அய்யாசாமி கத்தியதையெல்லாம் செட்டின் இரைச்சல் விழுங்கிவிட்டது; நீராவி திறந்தது. சூட்டில் அலைவரிசை நழுவும் மட்டமான கம்பிச் சுருளை, அலைவரிசையை உண்டாக்கும் ஆஸிலேட்டரில் சுற்றியவன் ராக்கையாதான். அது தெரிந்தும், அய்யாசாமி பேசும்போது அமுக்க வேண்டிய பொத்தானை அமுக்கவே இல்லை என்று செத்தவன் தலையில் பழியைப் போட்டான். கொஞ்சமும் கூசாமல் போட்டான்.

இப்போது மூன்று பேண்டுக்கும் புது ஆஸிலேட்டர். "வெளிய வந்துட்டேன்" என்று செட்டில் கேட்டால்தான் நீராவி என்று புது விதி. அப்படியும் யாரும் இறங்க மாட்டேன் என்றார்கள். என் தம்பியே இறங்குவான் என்று ராக்கையா வீம்பு பேசினான். தம்பி குருசாமிக்குக் கல்யாணமாகி நாலு மாதம்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். மெஷின்கள் ஓடவில்லை.

"அண்ணே, நீ சொன்ன மாதிரி பொத்தான அமுக்கிக் கயித்தால கட்டிட்டேன். தேய்க்க ஆரம்பிக்கேன்."

பொத்தானை அமுக்கவில்லை என்று இனி ஒருவரும் சொல்லக் கூடாதல்லவா. ராக்கையா ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, இரும்பில் பிரஷ் உரசுவதையும், நீர் சொட்டுவதையும், தம்பி மெல்லச் சீழ்க்கையடிப்பதையும் பக்கத்தில் இருப்பதுபோல் கேட்டுப் பூரித்துப்போனான்.

பிறகு இரண்டாவது பிரஷ் உரசியது.

உள்ளே இறங்கியது ஒருவன்தான். சீழ்க்கை நின்றது.

"வெளிய வந்துட்டனுங்க."

அது அய்யாசாமியின் குரல். நிதானமாக, மரியாதையாக.

ராக்கையா தன் செட்டின் பொத்தானை அமுக்கி, "திறக்காதீங்க" என்று கத்தினான். போகவில்லை. உள்ளே பொத்தான் கட்டியிருக்கும்வரை வேறு யார் பேச்சும் போகாது. கட்டச் சொன்னவன் அவனே. ஓடினான். முற்றம். சுவர். ஈரத்தில் வழுக்கி விழுந்தான். சுவருக்கு அப்பால் வால்வு திரும்பியது.

சீறல்.

"அண்ணே," என்றது கையிலிருந்த செட். "அண்ணே."

பேட்டரியைப் பிடுங்கி எறிந்தான். செட்டில் தம்பி கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தான். துளி இரைச்சல் இல்லை. அந்த அலறலுக்குப் பக்கத்தில், யாரோ அவசரமில்லாமல் கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.