ஆறு இல்லாத ஊரில் மழை எங்கே போகும்?

நாரே பென்சிலைக் கடித்தபடி பாடப் புத்தகத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தில் தண்ணீரின் பயணம் படமாக இருந்தது. கடல் ஆவியாகிறது, ஆவி மேகமாகிறது, மேகம் மழையாகிறது, மழை ஆறாக ஓடி மறுபடியும் கடலுக்கே போகிறது. "இதே மாதிரி நம்ம ஊருக்கு ஒரு படம் வரைஞ்சிட்டு வாங்க" என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

சொல்வது சுலபம். ஊரில் ஆறு வேண்டாமா? அவர்கள் ஊர் இருக்கும் ஜெஜு தீவில் எங்கே தோண்டினாலும் எரிமலைக் கல். எவ்வளவு மழை கொட்டினாலும் தரை மடக்கு மடக்கென்று குடித்துவிடும்.

"தாபின், நீ ஆத்துக்கு என்னடி பண்ணப் போற?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

தாபின் நிமிர்ந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"ஞாயித்துக்கிழமை ஊர்க் கூட்டமாம். எங்க கடையை மூடச் சொல்லப் போறாங்களாம். மூடிட்டா நாங்க திரும்ப சியோலுக்கே போயிடுவோம்."

நாரே பென்சிலைக் கீழே வைத்தாள். தாபின் அவளுடைய ஒரே உயிர்த்தோழி.

விஷயம் இதுதான். கடற்கரையோரம் ஊருக்குப் பொதுவாக ஓர் ஊற்று உண்டு. மேல் தொட்டியில் குடிக்கத் தண்ணீர் பிடிப்பார்கள், நடுத் தொட்டியில் காய்கறி கழுவுவார்கள், கடைசித் தொட்டியில் பிள்ளைகள் கும்மாளம் போடுவார்கள். இந்த மழைக்காலம் தொடங்கியதும் அந்த ஊற்று நாற ஆரம்பித்துவிட்டது. ஊர்த்தலைவர் குறுக்கே கயிறு கட்டி, "யாரும் இறங்காதீங்க!" என்று ஒலிபெருக்கியில் அலறினார்.

ஊற்றுக்கு நேர் மேலே தாபின் வீட்டு ரொட்டிக் கடை. வெளியூரிலிருந்து வந்து இரண்டே வருடம். கேட்கவும் வேண்டுமா? "அவங்க செப்டிக் டேங்க்தான் ஒழுகுது" என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. தாபினின் அப்பா ஆள் வைத்துச் சோதித்து, ஒழுகல் இல்லை என்று தாளையே காட்டினார். யாரும் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் நாரே வீட்டில் உட்கார்ந்து வரைந்தாள். மேலே மலை, மலைக்கு மேல் மேகம், கீழே அப்பாவின் கேரட் வயல். மழை வயலில் விழுந்தது. அப்புறம்?

அப்புறம் மூச்சுக்குழிக்குத்தான் போக வேண்டும். வயலின் மூலையில் பாறைக்கு நடுவே இருக்கும் ஓட்டை அது. கோடையில் அதிலிருந்து சில்லென்று காற்று வரும். மழைத் தண்ணீரை அது ஒரே மூச்சில் இழுத்துக்கொள்ளும். நாரே குழிக்குள் ஓர் அம்பு போட்டாள். அம்பு பாறைச் சந்துகள் வழியாகச் சரிவில் இறங்கியது, இறங்கியது, கடற்கரையில் வந்து வெளியே எட்டிப் பார்த்தது.

அங்கே இருந்தது ஊற்று.

பென்சில் நின்றுவிட்டது. பனிக்காலம் முடிந்தபோது விலை போகாத வெடித்த கேரட்டை எல்லாம் அப்பா அந்தக் குழிக்குள்தான் கொட்டினார். பூச்சிமருந்து டிரம்மைக் கழுவிய தண்ணீரும் அதற்குள்தான் போனது. "உள்ள போ, உள்ள போ" என்று கேரட்டைக் காலால் தள்ளியதே நாரேதான்!

அவள் படத்தைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, மூச்சுக்குழியில போறதெல்லாம் எங்கப்பா போகும்?"

"கடலுக்குத்தான். வேறெங்க?"

"போற வழியிலதானே நம்ம ஊத்து இருக்கு?"

அப்பா படத்தைப் பார்த்துச் சிரித்தார். "அடிப் போடி! நம்ம வயல் எங்க, ஊத்து எங்க? ரெண்டு கிலோமீட்டர்!"

"மழைக்கு என்ன காலா வலிக்கும்?"

அப்பாவின் சிரிப்பு நின்றது. நாரே அவர் கையைப் பிடித்து வயலுக்கு இழுத்துப் போனாள். "ஒரே ஒரு தடவை மோந்து பாருங்க."

அப்பா மண்டியிட்டுக் குழியருகே முகத்தைக் கொண்டுபோனார். புளித்து அழுகிய நாற்றம். ஊற்றில் வந்த அதே நாற்றம். அவர் எழுந்து கல்சுவரில் போய் உட்கார்ந்தார்.

"இதைக் கூட்டத்துல சொன்னா ஊரே என் மூஞ்சியில துப்பும், நாரே."

"தப்பே பண்ணாத தாபின் அப்பா மேல துப்புறாங்களேப்பா." நாரே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும்தான் காலால தள்ளினேன். நானும் உங்ககூட வந்து நிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஊர் மன்றத்தில் நிற்க இடமில்லை. தாபினின் அப்பா மூலையில் தலை குனிந்து நின்றார். ஊர்த்தலைவர் மைக்கைத் தட்டுவதற்குள் நாரேவின் அப்பா எழுந்துவிட்டார். நாரே படத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"ரொட்டிக் கடை மேல தப்பில்ல. தப்பு என் வயல்ல இருக்கு" என்று தொடங்கி, அவர் ஒன்று விடாமல் சொன்னார்.

எல்லோரும் படத்தில் இருந்த அம்பையே பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவர் இருமினார்.

"என் வயல்லயும் ஒரு குழி இருக்கு. அழுகின வெங்காயம் கொஞ்சம் போட்டேன்."

"கொஞ்சமா? ரெண்டு வண்டி!" என்றார் அவர் மனைவி. "மறைக்காதீங்க!"

"நான் முள்ளங்கி" என்றது இன்னொரு குரல்.

ஊர்த்தலைவர் மைக்கை மெதுவாக அணைத்தார். "என் வயல்ல ரெண்டு குழி இருக்குப்பா" என்றார், வாய்க்குள்ளேயே.

நாரேவின் அப்பா தாபினின் அப்பா முன்னால் போய், இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டு, "நாளைக்கே குழியில கிடக்கிறதை அள்ளிடறேன்" என்றார். தாபினின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கு எத்தனை மணிக்கு அள்ளப் போறீங்க? எங்கிட்டயும் மண்வெட்டி இருக்கு" என்றார்.

ஊற்று எப்போது தெளியும் என்று யாருக்கும் தெரியாது. சோதித்துச் சரி என்று வரும்வரை கயிறு அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது.

மறுநாள் விடியற்காலை மூச்சுக்குழியிலிருந்து வாளி வாளியாகக் கறுப்புக் கூழ் மேலே வந்தது. தாபின் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயே! உங்க ஊர் கேரட் இப்படியா நாறும்?"

"நம்ம ஊர் கேரட்" என்று திருத்திவிட்டு, நாரே அடுத்த வாளியை அவள் கையில் கொடுத்தாள்.